தூரத்திலிருந்து வரும் கினிக்கோழிக் குஞ்சு: காசு கட்டுமுன் அறிய வேண்டியவை



கோழி வளர்ப்பு எமது லயங்களுக்குப் புதிதல்ல. நாலு நாட்டுக்கோழி இல்லாத லயத்தைக் காண்பது அரிது. ஆனால் அண்மைக் காலமாக வேறொரு ஆசை பரவி வருகிறது. கைத்தொலைபேசியில் கினிக்கோழிக் குஞ்சின் படத்தைப் பார்க்கிறோம். "இலங்கையின் எந்த இடத்துக்கும் அனுப்புவோம்" என்று போட்டிருக்கிறது. வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, காசைப் போட்டு விடுகிறோம். பிறகு பஸ்ஸில் ஒரு பெட்டி வருகிறது.

கினிக்கோழி வளர்ப்பது கெட்ட காரியம் என்று நாம் சொல்லவில்லை. பூச்சி, உண்ணி தின்னும், முட்டை இடும், இறைச்சிக்கும் ஆகும். ஒருநாள் குஞ்சைப் பெட்டியில் அடைத்துத் தூரத்திலிருந்து வரவழைப்பதில் உள்ள ஆபத்தைப் பற்றியதே இந்தப் பாடம்.

ஒரு தாயின் கேள்வி

எமக்குத் தெரிந்த மேல்கணக்குத் தாய் ஒருவர் சீட்டுக்காசு விழுந்ததும் இருபது குஞ்சுக்குப் பணம் கட்டினார். கீழ்நாட்டிலிருந்து பின்நேரம் பஸ்ஸில் ஏற்றிய பெட்டி மறுநாள் விடியற்காலையில்தான் டவுனுக்கு வந்து சேர்ந்தது. பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் மகனை அனுப்பி எடுத்து வரச் சொன்னார். பெட்டியைத் திறந்தபோது ஒன்பது குஞ்சு செத்துக் கிடந்தது. அடுத்த மூன்று நாளில் இன்னும் ஆறு போயிற்று. மிஞ்சியது ஐந்துதான்.

அனுப்பியவருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். "நான் உயிரோடதான் ஏத்தினேன்" என்றார் அவர். பஸ்காரரைக் கேட்டார்கள். "பொட்டியக் கொண்டாந்து குடுக்கிறதுதான் நம்ம வேல" என்றார். இருவர் சொன்னதும் பொய்யென்று சொல்ல முடியாது. நட்டம் மட்டும் தாயின் தலையில் விழுந்தது.

"நாங்க என்னங்க ஐயா தப்புப் பண்ணினோம்? சோறு தண்ணியெல்லாம் வச்சோமே?" என்று அவர் எம்மிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் கீழே எழுதுகிறோம்.

1. குஞ்சின் வயிற்றில் உள்ள கட்டுச்சோறு

பொரிப்பதற்கு முந்திய ஓரிரு நாளில் குஞ்சு முட்டையில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக் கொள்கிறது. பிரயாணம் போகிறவர் கட்டிக் கொள்ளும் கட்டுச்சோறு போன்றது அது. அதை வைத்துக்கொண்டு தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஏறத்தாழ மூன்று நாள், அதாவது 72 மணித்தியாலம், குஞ்சு தாக்குப் பிடிக்கும். ஒருநாள் குஞ்சைத் தூர இடத்துக்கு அனுப்ப முடிவதே இதனால்தான்.

ஆனால் இரண்டு விஷயத்தை நாம் மறந்து விடுகிறோம்.

முதலாவது, அந்த 72 மணித்தியாலம் பொரித்த நேரத்திலிருந்து ஓடுகிறது. பஸ்ஸில் ஏற்றிய நேரத்திலிருந்து அல்ல. பொரித்து ஒன்றரை நாள் கழித்து ஏற்றினால், கட்டுச்சோற்றில் பாதி ஏற்கெனவே தீர்ந்து போயிற்று.

இரண்டாவது, மஞ்சள் கரு பசியைத் தாங்கும், குளிரைத் தாங்காது. பொரித்த குஞ்சுக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் சக்தி இன்னும் வரவில்லை. கினிக்கோழிக் குஞ்சு சாதாரணக் கோழிக்குஞ்சை விடவும் சிறியது. சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்து போகும். சிறிய கோப்பைத் தேநீர் பெரிய கோப்பையை விடச் சீக்கிரம் ஆறுவதில்லையா, அதைப் போல.

2. இந்த முறை எங்கிருந்து வந்தது?

ஒருநாள் குஞ்சைத் தபாலில் அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. அங்கே 1918-ஆம் ஆண்டிலிருந்து தபால் திணைக்களம் கோழிக்குஞ்சுப் பெட்டிகளை ஏற்று வருகிறது. கினிக்கோழிக் குஞ்சும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்குச் சட்டதிட்டம் உண்டு. குஞ்சு பொரித்து 24 மணித்தியாலத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. பொரித்த நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் சேரிடம் போய்விட வேண்டும். பெட்டியில் காற்றுத் துளை இருக்க வேண்டும். குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சூடு காயட்டும் என்று, 25 குஞ்சுக்குக் குறைந்து அனுப்ப மறுக்கும் பொரிப்பகங்கள் அங்கே பல இருந்தன.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் அங்கே நடந்ததைப் பாருங்கள். 2020 ஓகஸ்டில் தபால் தாமதமாகி, மெய்ன் மாநிலத்து விவசாயிகளுக்கு வந்த குஞ்சுகளில் ஏறத்தாழ 4,800 செத்தே வந்தன. 2025-இல் டெலவெயார் மாநிலத்தில் ஏறக்குறைய 12,000 குஞ்சுகளை ஒரு தபால் லொறியிலேயே மூன்று நாள் விட்டுவிட்டார்கள். அவற்றில் ஆயிரக்கணக்கானவை லொறிக்குள்ளேயே மடிந்தன.

நூறு வருடப் பழக்கமும் எழுதப்பட்ட விதியும் உள்ள இடத்திலேயே ஒரு தாமதம் இவ்வளவு உயிரைக் குடித்தது. அப்படியென்றால் சாமான் மூட்டைக்கு நடுவே, விதியும் இல்லாமல் பொறுப்பாளியும் இல்லாமல் வரும் ஒரு அட்டைப் பெட்டியின் கதி என்ன?

3. எமது மலைநாட்டின் குளிர்

கினிக்கோழியின் பூர்வீகம் ஆபிரிக்கா. வளர்ந்த பறவை ஓரளவு குளிரைத் தாங்கும். குஞ்சு தாங்காது. முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 35 பாகை செல்சியஸ் அளவு சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்து வரலாம். சிறகு முழுதாக மூடும்வரை, அதாவது ஐந்து ஆறு வாரம் வரை, கவனிப்பு வேண்டும்.

நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான் இருக்கிறது. சனவரி, பெப்ரவரி மாத விடியற்காலையில் பனி உறைவதையும் நாம் காண்கிறோம். கீழ்நாட்டில் உள்ளவர் பெட்டியைக் கட்டும்போது அவருக்கு வியர்க்கிறது. காற்றுப் போகட்டும் என்று பெரிய பெரிய துளை போடுகிறார். அதே துளை வழியாகத்தான் நடுச்சாமத்தில் மலை ஏறும்போது குளிர்காற்று உள்ளே போகிறது. எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்பதோடு, எந்த நேரத்தில் வருகிறது என்றும் கேளுங்கள். இரவுப் பிரயாணம் குஞ்சுக்கு எமன்.

அந்தத் தாயின் ஒன்பது குஞ்சும் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும். பின்னால் செத்த ஆறும், குளிர் பட்டுத் தளர்ந்து தண்ணீர் குடிக்கத் தெரியாமல் போனவையாக இருக்கலாம். தீனியை முன்னால் வைத்தால் மட்டும் போதாது. முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன் பிறகே தீனி. இந்த ஒழுங்கைப் பாடமாக்கிக் கொள்ளுங்கள்.

4. காசுக் கணக்கு

விலை இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காகக் குஞ்சு ஒன்று 400 ரூபா, பெட்டிக் கூலி 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

இருபது குஞ்சு: 8,000 ரூபா. கூலியோடு: 8,500 ரூபா.
இருபதும் பிழைத்தால் ஒரு குஞ்சின் அடக்கம்: 425 ரூபா.
பத்துப் பிழைத்தால்: 850 ரூபா.
ஐந்து பிழைத்தால்: 1,700 ரூபா.

வாங்கும்போது இருபதால் பிரித்துப் பார்க்கிறோம். உண்மையான விலை தெரிவது மிஞ்சியதால் பிரிக்கும்போதுதான். இதில் தீனிச் செலவும் கரண்ட் செலவும் சேரவில்லை.

5. "சோடி" என்ற பேச்சு

"பத்துச் சோடி தருகிறோம்" என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். ஒருநாள் கினிக்கோழிக் குஞ்சை வெளியே பார்த்து ஆண் பெண் பிரிக்க முடியாது. எட்டு வாரமளவில் சத்தம் மாறும்போதுதான் தெரிய வரும். பெண் பறவை இரண்டு அசையாகக் கூப்பிடும். ஆண் ஒற்றைச் சத்தமாகக் கத்தும். ஆகவே ஒருநாள் குஞ்சுக்குச் சோடி விலை கேட்பவரிடம் கவனமாக இருங்கள்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கினிக்கோழி சும்மா இருக்காது. நாய் வந்தாலும் கத்தும், புதிய ஆள் வந்தாலும் கத்தும், விடியுமுன்னும் கத்தும். எமது லயத்தில் சுவர் ஒன்று, கூரை ஒன்று. இராத்திரி முறை முடித்துத் தூங்குகிறவரும், சோதனைக்குப் படிக்கிற பிள்ளையும் பக்கத்துக் காம்பராவில் இருப்பார்கள். காசு கட்டுமுன் அடுத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

6. சூடு கொடுக்கும்போது வரும் பெரிய ஆபத்து

குஞ்சு போனால் காசு நட்டம். ஆனால் குஞ்சைக் காப்பாற்றப் போய் மனித உயிருக்கு வரக்கூடிய ஆபத்தும் உண்டு.

குளிருக்கு அடுப்புக்கரிச் சட்டியை உள்ளே வைத்து, கதவு யன்னலைப் பூட்டிப் படுக்கக் கூடாது. கரி எரியும்போது மணமோ நிறமோ இல்லாத நச்சுவாயு வரும். தூங்குகிறவர் எழும்பாமலே போய்விடலாம். குழந்தைகள் இருக்கும் காம்பராவில் இது கண்டிப்பாகக் கூடாது.

பல்ப் சூடு நல்லது, ஆனால் எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் தருமே தவிரப் போதிய சூடு தராது. பழைய வகை இழை பல்ப் வேண்டும். அதைக் கம்பியால் இறுகக் கட்டித் தொங்கவிடுங்கள். சாக்கு, வைக்கோல், மரத்தூள், அட்டை எதிலும் படக் கூடாது. வயரை ஒட்டுப் போட்டு இழுக்க வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கிற நெருப்பு முழு வரிசையையும் எடுத்துவிடும் என்பது எமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

சூடு அளக்கக் கருவி இல்லையா? குஞ்சையே பாருங்கள். பல்பின் கீழே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர். வாயைத் திறந்து மூச்சு வாங்கி ஓரத்துக்குப் போனால் சூடு கூடிவிட்டது. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் அளவு சரி.

7. நோயும் கூட வரலாம்

முன்பின் தெரியாத இடத்துக் குஞ்சு, நோயையும் கொண்டு வரலாம். வெள்ளைக் கழிச்சல், இராணிக்கெட் போன்றவை அப்படி வந்தால் உங்கள் நாட்டுக்கோழிக்கும் தொற்றும். லயத்துக் கோழிக்கும் தொற்றும். புதிய குஞ்சைக் குறைந்தது நான்கு வாரம் வேறாக வையுங்கள். முதலில் பழைய கோழிக்குத் தீனி வைத்துவிட்டுப் பிறகு புதியதிடம் போங்கள். தடுப்பு மருந்து பற்றிப் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள்.

குஞ்சின் உடம்பிலும் எச்சத்திலும் மனிதருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும் கிருமி இருக்கலாம். சமையல் காம்பராவில் பெட்டியை வைக்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் குஞ்சைத் தூக்கிக் கொஞ்ச விட வேண்டாம். தொட்டவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

8. அப்படியும் வாங்குவதென்றால்

முடிந்தால் நீங்களே போய்ப் பார்த்து, காலையில் வாங்கி, பகலிலேயே கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்தால் போக்குவரத்துச் செலவு பங்காகும். ஒரு மாதம் தாண்டிய, கொஞ்சம் சிறகு வந்த குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் மிஞ்சியதால் பிரித்துப் பாருங்கள்.

அனுப்பித்தான் எடுக்க வேண்டுமென்றால், காசு போடுமுன் இவற்றைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்:

– எந்த நாள், எத்தனை மணிக்குப் பொரித்தது?
– எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள்? எத்தனை மணிக்கு இறங்கும்?
– எத்தனை செத்தால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். முழுக்காசையும் முன்னால் கட்டாதீர்கள். பெட்டியை இறக்கிய இடத்திலேயே திறந்து எண்ணுங்கள். படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

குஞ்சு வருமுன்பே, முதல் நாளே, சூட்டுப்பெட்டி தயாராக இருக்க வேண்டும். தரையில் வழுக்கும் கடதாசி போடாதீர்கள். கால் அகன்று முடமாகிவிடும். சாக்குத் துணி போடுங்கள். வந்தவுடன் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருதரம் தொட்டு விடுங்கள். முதல் சில மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சீனி கலந்து கொடுக்கலாம். தட்டையான பாத்திரத்தில் சிறு கூழாங்கல் நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கிச் சாகும். பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள்.

தீனியில் புரதம் கூடுதலாக வேண்டும். கடையில் கிடைக்கும் புரொய்லர் குஞ்சுத் தீனியோடு அவித்த முட்டையை நன்றாக மசித்துக் கொஞ்சம் சேர்க்கலாம். முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சுக்கு அதிகம்.

9. அடைக்கோழி என்னும் பழைய வழி

பெட்டியும் பல்பும் இல்லாத வழி ஒன்று எமது கையிலேயே இருக்கிறது. நல்ல அடைக்கோழி ஒன்று இருந்தால், பக்கத்தில் கினிக்கோழி வளர்ப்பவரிடம் முட்டையாக வாங்கி வையுங்கள். முட்டை குஞ்சைப் போலப் பசிக்காது; ஒரு வாரம் வரை வைத்திருந்தும் அடைவைக்கலாம். குலுங்கி வந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்க ஒருநாள் ஆற வைத்துப் பிறகு வையுங்கள். பஸ்ஸில் குலுங்கிய முட்டையில் பொரிப்பது குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். கிட்ட வாங்குவதே மேல்.

ஒன்றில் கவனம் தேவை. கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். கினிக்கோழி முட்டைக்கு 26 முதல் 28 நாள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து வைத்தால், தன் குஞ்சு வந்தவுடன் கோழி எழும்பிப் போய்விடும். கினிக்கோழி முட்டை குளிர்ந்து கெட்டுவிடும். ஆகவே கினிக்கோழி முட்டையை மட்டும் வையுங்கள். தாய்க்கோழியின் செட்டைச் சூட்டுக்கு ஈடான பல்ப் இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை. கரண்ட் போனாலும் அது குளிராது.

அந்தத் தாயின் ஐந்து குஞ்சில் நான்கு வளர்ந்தன. அவை முட்டையிடத் தொடங்கியதும் பதினைந்து முட்டையை அடைவைத்தார். பதினொன்று பொரித்தது. நாம் பார்க்கப் போனபோது, குஞ்சுகள் நாட்டுக்கோழியின் வயிற்றுக்கடியிலிருந்து தலையை நீட்டின. "இனி பொட்டி வேணாங்க ஐயா. இவளே போதும்" என்று அடைக்கோழியைக் காட்டிச் சிரித்தார்.

சீட்டுக்காசு சும்மா வருவதில்லை. கொழுந்துக் கூடையின் பாரம் அதில் இருக்கிறது. அதைப் பெட்டியில் போட்டு இரவு பஸ்ஸில் ஏற்றுமுன் ஒருதரம் யோசியுங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்கு:

1. 72 மணித்தியாலக் கணக்கு எந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது?
2. வந்த குஞ்சுக்கு முதலில் கொடுக்க வேண்டியது எது? இரண்டாவது எது? மூன்றாவது எது?
3. கரிச்சட்டியை ஏன் பூட்டிய காம்பராவில் வைக்கக் கூடாது?
4. கோழி முட்டையையும் கினிக்கோழி முட்டையையும் ஒரே நாளில் ஏன் அடைவைக்கக் கூடாது?
5. உங்கள் கணக்கில் அடைக்கோழி உள்ள வீடுகள் எத்தனை? கினிக்கோழி முட்டை எங்கே கிடைக்கும்? ஒரு பட்டியல் தயாரியுங்கள்.